ஊசி போடும் கை

சென்ற திங்கள் நம் தமிழ் மன்றத்தில் ஒரு சொற்போர் நடைபெற்றது. "பெருந்தொற்றுக் காலத்தில் மூன்றாம் தவணை ஊசி தேவைதானா?" என்பது பொருள். தேவையே என்று ஓரணி. தேவையில்லை என்று மற்றோரணி. ஓய்ந்துபோன நோய்க்கு இப்போது என்ன சொற்போர் என்று சிரித்துக்கொண்டே வந்தவர்களும் இருந்தார்கள். பேச்சுத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. ஓரணியினர் அறிவியலை அடுக்கினர். மற்றோரணியினர் ஐயங்களை அடுக்கினர். இரு சாராருக்கும் கைதட்டல் கிடைத்தது. நடுவரும் இரு சாராரையும் பாராட்டிவிட்டுத் தீர்ப்பை நாளைய உலகத்திடம் ஒப்படைத்தார்.

அவை கலையும் நேரத்தில் முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்தார். அவருடைய தாய் தமிழ்நாட்டில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். "அண்ணா, இத்தனை நேரம் ஊசியைப் பற்றிப் பேசினீர்கள். அதைப் போட்டவர் யார் என்று ஒருவரும் சொல்லவில்லையே! அம்மா ஞாயிற்றுக்கிழமையெல்லாம் முகாமுக்குப் போனார். மற்ற நாள்களிலும் ஊசிக் கணக்குத்தான். கருவுற்ற பெண்களைப் பார்க்கப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போனது. அந்த வேலையை யார் செய்தார்கள்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

விடை சொல்ல எவருக்கும் வாய் எழவில்லை. தேவையே என்று முழங்கியவர்களுள் நானும் ஒருவன். என்னிடமும் விடை இல்லை. அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அந்த வினாவுக்குக் காலந்தாழ்த்தி நான் கூறும் விடையே இக்கட்டுரை.

மருத்துவத்தை வள்ளுவர் நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை புரிபவன் என்பன அந்த நான்கு. அன்று நம் அவையில் ஒரு மணி நேரம் பேசியது மூன்றாவது கூறாகிய மருந்தைப் பற்றி மட்டுமே. நாடும் அவ்வாறே பேசிற்று. நான்காவது கூற்றை நாமும் மறந்தோம், நாடும் மறந்தது. மூன்றாம் தவணை பற்றிய வாதத்தில் நேர்ந்த பெரும்பிழை இதுவே என்பது என் கருத்து.

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வோம். நம் நாட்டில் கொரோனாத் தடுப்பூசிப் பணி 2021 ஜனவரி 16ஆம் நாள் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல், மே திங்கள்களில் இரண்டாம் அலை எழுந்தது. நாளொன்றுக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தலைநகரில் உயிர்வளி உருளைக்காக மக்கள் மருத்துவமனை வாயில்களில் காத்துக் கிடந்தனர். அக்காலத்தில் இந்நகரில் இருந்தவர் எவரும் அதனை மறக்கமாட்டார். பின்னர் நவம்பர் இறுதியில் ஒமைக்ரான் என்னும் புதிய திரிபு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 25ஆம் நாள் இரவு, மூன்றாம் தவணை போடப்படும் என்று தலைமை அமைச்சர் அறிவித்தார். பூஸ்டர் என்று உலகம் அழைத்ததற்கு நம் அரசினர் இட்ட பெயர் முன்னெச்சரிக்கைத் தவணை. 2022 ஜனவரி 10 முதல் மருத்துவப் பணியாளர்க்கும், முன்களப் பணியாளர்க்கும், பிற நோய்களும் உடைய 60 வயதைக் கடந்தவர்க்கும் அது போடப்பட்டது.

இதற்கு முன்பே உலகில் வாதம் மூண்டிருந்தது. இஸ்ரேல் 2021 ஜூலை இறுதியிலேயே முதியோர்க்கு மூன்றாம் தவணை போடத் தொடங்கியது. முதல் தவணையே பெறாத மக்கள் ஏழை நாடுகளில் கோடிக்கணக்கில் இருக்கும்போது, செல்வ நாடுகள் மூன்றாம் தவணையை நிறுத்தி வைக்கவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைவர் ஆகஸ்டு 4ஆம் நாள் வேண்டினார். செப்டம்பரில் அவ்வேண்டுகோளை ஆண்டிறுதி வரை நீட்டினார். செல்வ நாடுகள் செவி சாய்க்கவில்லை. பந்தியில் முன்னே அமர்ந்தவர் மூன்றாம் முறை சோறு வாங்கினார். வாயிலில் நின்றவர் நின்றுகொண்டே இருந்தார்.

மருந்தினால் பயன் உண்டா, இல்லையா? இதற்கு ஒரு சொல்லில் விடை கேட்பதுதான் தவறு. எந்தப் பயன், யாருக்குப் பயன் என்று கேட்கவேண்டும். மூன்றாம் தவணை பெற்றவரையும் நோய் தொற்றியது; தொற்றைத் தடுக்கும் ஆற்றல் சில மாதங்களில் குறைந்தது. இது உண்மை. ஆனால் நோய் முற்றி மருத்துவமனைக்குப் போவதையும் இறப்பதையும் அது, முதியோரிடத்தில் குறிப்பாக, நன்கு தடுத்தது. இதுவும் உண்மை. நம் நாட்டில் 2021 ஜூன், ஜூலையில் நடந்த குருதி ஆய்வில், ஆய்வுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு 67 பேருக்கு மேல் நோய் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. ஊசியினாலோ நோயினாலோ அவர்கள் அதனைப் பெற்றிருந்தனர். ஆகவே நலமுள்ள இளைஞர்க்கு மூன்றாம் தவணையால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது. எழுபது வயதுப் பாட்டிக்குக் கிடைக்கும் பயன் பெரிது. இவ்வளவே செய்தி. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நாமோ ஒரு மணி நேரம் சண்டையிட்டோம்.

இத்தகைய வாதம் நமக்குப் புதிதன்று. 1955ஆம் ஆண்டில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து இராஜாஜி ஒரு சிறு நூலே வெளியிட்டார். அந்த ஊசி மருந்தைச் செய்த ஆய்வுக்கூடம் சென்னைக் கிண்டியிலேயே இருந்தது. முதலமைச்சராக இருந்தவர் ஒருவர் எதிர்க்கிறார், அரசினர் ஊசிப் பணியைத் தொடர்கின்றனர், நாடெங்கும் வாதம். அதனை முடித்து வைத்தது எது? மேடைப் பேச்சு அன்று. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட ஆய்வு அது. வளர்ந்தவர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று அது காட்டியது. அப்படியாயின் ஊசி வீணா? இல்லை. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதனைப் போடுகிறோம். ஐயமுற்றவர் மூடரும் அல்லர்; போட்டவர் கொடியவரும் அல்லர். எங்கே பயன், எங்கே பயனில்லை என்று பொறுமையோடு அளந்தவரே நமக்கு வழிகாட்டினர்.

ஐயத்தை அடக்கினால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். கோவிஷீல்டு என்று நாம் அறிந்த மருந்தினால் மிக அரிதாகக் குருதி உறைவு நேரலாம் என்பதை ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021 ஏப்ரலிலேயே கூறிவிட்டது. நம் நாட்டிலும் அவ்வாண்டு மே திங்களில் அரசினர் ஒரு கணக்கு வெளியிட்டனர். பத்து லட்சம் தவணைக்கு ஒன்றுக்கும் குறைவு என்பது அக்கணக்கு. அந்தச் செய்தி மூலையில் ஒடுங்கிற்று. 2024இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் அம்மருந்தை உருவாக்கிய நிறுவனம் அதே உண்மையை ஒப்புக்கொண்டபோது, ஏதோ புதையல் தோண்டி எடுத்தாற்போல நாடு அலறியது. ஊரில் என் சிற்றப்பா, "தம்பி, எங்களை ஏமாற்றிவிட்டார்களா?" என்று தொலைபேசியில் கேட்டார். முன்பே உரக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. மக்களால் உண்மையைத் தாங்க முடியும். உண்மை ஒளிக்கப்பட்டது என்னும் எண்ணத்தைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

இனி அந்த மாணவியின் வினாவுக்கு வருகிறேன்.

மூன்றாம் தவணை அறிவிக்கப்பட்ட 2021 டிசம்பர் இறுதி வாரத்தில் தில்லித் தெருக்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? பயிற்சி மருத்துவர்கள் வேலை நிறுத்தம் செய்துகொண்டிருந்தனர். பட்டமேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு பலமுறை தள்ளிப்போய் செப்டம்பரில்தான் நடந்தது. இட ஒதுக்கீட்டு வழக்கினால் மாணவர் சேர்க்கையும் நின்றுபோயிற்று. மூன்று ஆண்டு மாணவர்கள் சுமக்கவேண்டிய பாரத்தை இரண்டு ஆண்டு மாணவர்கள் சுமந்தனர். "எங்களுக்கு ஆள் கொடுங்கள்" என்பதே அவர்கள் கேட்டது. டிசம்பர் 27ஆம் நாள் உச்சநீதிமன்றம் நோக்கிப் புறப்பட்டவர்களைக் காவலர் வழிமறித்தனர், கைகலப்பு நேர்ந்தது. 31ஆம் நாள் வேலை நிறுத்தம் கைவிடப்பட்டது. நீதிமன்றம் சேர்க்கைக்கு வழிவிட்டது ஜனவரி 7ஆம் நாள்தான். அதற்குள் மூன்றாம் அலை வந்துவிட்டது. மருத்துவமனைகளில் மருத்துவரும் செவிலியரும் நூற்றுக்கணக்கில் நோயுற்றுப் படுத்தனர்.

எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! மருத்துவமனைகளின் சுமையைக் குறைக்கவே மூன்றாம் தவணை. ஆனால் அந்த ஊசியைப் போடவேண்டியவரும் அதே சுமையைச் சுமப்பவரே. மருந்தைத் தொழிற்சாலை பெருக்கிவிடும். கையை எந்தத் தொழிற்சாலை பெருக்கும்? ஒரு செவிலியரை உருவாக்க ஆண்டுகள் வேண்டும். இருக்கின்ற கைகளையே இங்கிருந்து அங்கு மாற்றுகிறோம். அப்படி மாற்றும்போது இங்கு நின்றுபோகும் வேலை எது என்று கேட்பாரில்லை.

நின்றுபோன வேலைக்குக் கணக்கு இருக்கிறது. 2019இல் நம் நாட்டில் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறியப்பட்டுப் பதிவு செய்யப்பட்டனர். 2020இல் அவ்வெண் 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறைந்துவிட்டதா? இல்லை, தேடிச் செல்லும் கால்கள் நின்றுவிட்டன. தொண்டை அடைப்பான், கக்குவான், இரணசன்னி ஆகியவற்றுக்கான முதல் தவணைகூடப் பெறாத குழந்தைகள் 2019இல் ஏறத்தாழ 14 லட்சம்; 2020இல் ஏறத்தாழ 30 லட்சம். இக்கணக்கு உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் தந்தது. பின்னர் 2022 இறுதியில் மும்பையின் சேரிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் மாண்டனர். இவற்றுக்கு மூன்றாம் தவணையே காரணம் என்று நான் கூறவில்லை. அது தொடங்குவதற்கு முன்பே, ஊரடங்கினாலும் ஆட்களை இடம் மாற்றியதாலும் நேர்ந்த இழப்பு இது. ஆனால் ஒரு நோயைத் துரத்தக் கைகளை எல்லாம் ஒரே பக்கம் திருப்பினால் மறுபக்கம் என்ன நேரும் என்பதை இது கற்பித்துவிட்டது. கற்ற பின்பும் மூன்றாம் தவணையைப் பற்றி வாதிட்டபோது அதனை நாம் மறந்தோம்.

இங்கிலாந்திலும் இதே இடர் எழுந்தது. 2021 டிசம்பர் 12ஆம் நாள், ஆண்டு முடிவதற்குள் வயது வந்தோர் அனைவருக்கும் பூஸ்டர் ஊசி என்று அந்நாட்டுத் தலைமை அமைச்சர் அறிவித்தார். அதற்காகப் பிற மருத்துவப் பணிகள் சில தள்ளி வைக்கப்படும் என்றும் அதே பேச்சில் கூறினார். அவருடைய முடிவு சரியா தவறா என்பது வேறு. அங்கே சிகிச்சைக்குக் காத்திருந்தோர் பட்டியல் அப்போதே 60 லட்சத்தை எட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் "இதைச் செய்தால் அது தள்ளிப்போகும்" என்று வெளிப்படையாகச் சொன்னதால் அங்கு மக்கள் அதனை எடைபோட முடிந்தது. நம் நாட்டில் அந்தக் கணக்கை ஒருவரும் நம் முன் வைக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

"அப்படியானால் மூன்றாம் தவணையே வேண்டாம் என்கிறாயா?" என்று என் அணித் தோழர்கள் கேட்கலாம். இல்லை. வேண்டும் என்றே இன்றும் சொல்வேன். நோய் முற்றக்கூடிய ஒரு முதியவருக்கு நேரத்தில் போட்ட ஊசி, பின்னால் மருத்துவமனையில் ஒரு படுக்கையையும் செவிலியர் பலருடைய இரவுகளையும் மீட்டுத் தருகிறது. அங்கே ஊசி சுமையன்று, சுமைதாங்கி. ஆனால் தேவை மிகுந்தவர் காத்திருக்கத் தேவை குறைந்தவருக்குப் போட்டால், சுமை குறையாது, கூடும். ஆகவே வேண்டுமா வேண்டாமா என்பது வினா அன்று. யாருக்கு முதலில், எவர் கையால், எதை நிறுத்திவைத்து என்பதே வினா.

இந்த வினாவை விலைச்சீட்டைக் கொண்டு தீர்க்க முயன்றதையும் கண்டோம். 2022 ஏப்ரல் 10 முதல் 18 வயது கடந்த எல்லாரும் மூன்றாம் தவணை பெறலாம் என்றனர். ஆனால் 60 வயதுக்கு உட்பட்டோர் தனியார் நிலையங்களில் காசு கொடுத்துப் பெறவேண்டும். மருந்துக்கு 225 ரூபாய். போடும் கூலி 150 ரூபாய் வரை. தில்லி, பீகார் போன்ற சில மாநில அரசுகள் தம் செலவில் போட முன்வந்தன. பெரும்பாலான இடங்களில் பணப்பையே வரிசையை முடிவு செய்தது. சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளி பின்னே நின்றார். நலமுள்ள இருபத்தைந்து வயது அலுவலர் முன்னே சென்றார். விளைவு என்ன? ஜூலை நடுவில், 18 முதல் 59 வயது வரையுள்ள 77 கோடிப் பேரில் நூற்றில் ஒருவர்கூட அதனைப் பெறவில்லை. மக்கள் அஞ்சுகின்றனர், அறியாமையில் உழல்கின்றனர் என்று அப்போது பலர் எழுதினர்.

பின்னர் ஜூலை 15 முதல் 75 நாளுக்கு அரசு நிலையங்களில் எல்லார்க்கும் இலவசம் என்று அறிவித்தனர். இரு தவணைகளுக்கு இடையில் இருக்கவேண்டிய காலத்தையும் அதற்குச் சற்று முன் 9 மாதத்திலிருந்து 6 மாதமாகக் குறைத்தனர். அந்த 75 நாளில் 15 கோடிக்கு மேற்பட்ட தவணைகள் போடப்பட்டன. அறியாமை 75 நாளில் அகன்றுவிட்டதா? இல்லை, தடையாய் நின்றவற்றுள் காசும் தொலைவும் முதன்மையானவை என்பது புலனாயிற்று. ஆயினும் உண்மையை முழுதும் சொல்லவேண்டும். இலவசம் என்ற பிறகும் இரண்டாம் தவணை பெற்ற 95 கோடிப் பேரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே மூன்றாவதைப் பெற்றனர். நோய் தணிந்தது ஒரு காரணம். யாருக்கு இது மிகத் தேவை என்று தெளிவாகச் சொல்லாதது மற்றொரு காரணம் என்பேன்.

அந்தக் கோடிகளைப் போட்ட கைகள் யாருடையவை? செவிலியர்களுடையவை. மக்களை வீடு வீடாகச் சென்று அழைத்து வந்தவர் யார்? நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 10 லட்சம் ஆஷாப் பணியாளர்கள். 2022 மே திங்களில் உலக நலவாழ்வு நிறுவனம் அவர்களுக்கு விருது அளித்துப் பாராட்டியது. விருது வந்தது, அவர்கள் கேட்ட நிலையான ஊதியம் வரவில்லை. அரசுக் கணக்கில் அவர்கள் தொண்டர்கள். செய்யும் வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகையே அவர்கள் வருவாய். கைதட்டினோம், விளக்கேற்றினோம், வானூர்தியிலிருந்து மலர் தூவினோம். மலர் வாடிவிட்டது. வேலை அப்படியே இருக்கிறது.

அடுத்த பெருந்தொற்று என்று வரும் என்று எவரும் அறியார். வரும் என்பதில் ஐயமில்லை. 2023 மே 5ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் நெருக்கடி முடிந்தது என்று அறிவித்ததும் நாம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டோம். இப்போதுதான் அமைதியாகப் பேசமுடியும். வீடு எரியும்போது கிணறு வெட்டுவது பற்றிப் பட்டிமன்றம் நடத்த முடியாது.

நாம் கேட்கவேண்டியவை மூன்று என்று கருதுகிறேன். ஒன்று: கூடுதல் தவணை எதுவாயினும் தேவையின் வரிசையில், காசு வாங்காமல், வீட்டுக்கு அருகில் கிடைக்கவேண்டும். இரண்டு: ஊசிப் பணிக்கு ஆட்களை மாற்றும்போது தள்ளிவைக்கப்படும் பணிகளின் பட்டியலையும், அவை மீண்டும் தொடங்கும் நாளையும் அரசு மக்கள் முன் வைக்கவேண்டும். மூன்று: காலியாய்க் கிடக்கும் செவிலியர், மருத்துவர் பணியிடங்களை அமைதிக் காலத்திலேயே நிரப்பவேண்டும். நாட்டு வருவாயில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அரசினர் நலவாழ்வுக்குச் செலவிடவேண்டும் என்று 2017இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை இலக்கு வைத்தது. 2025க்குள் என்று காலமும் குறித்தது. அந்த ஆண்டு வந்தது, இலக்கு வரவில்லை.

மாணவர் நாம் என்ன செய்ய இயலும்? முதலில், நம் வீட்டு முதியோர் கேட்கும் ஐயங்களுக்கு நகையாமல் விடை சொல்லலாம். தெரியாதவற்றைத் தெரியாது என்றும் சொல்லலாம். அடுத்து, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நம் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போகலாம். அங்கே எத்தனை செவிலியர் இருக்கவேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரலாம். பல மாவட்டத்தவர் கூடிய மன்றம் இது. ஒவ்வொருவரும் ஒரு நிலையத்தின் கணக்கைக் கொண்டுவந்தால், அடுத்த சொற்போரில் அடுக்குமொழிக்குப் பதிலாக அடிப்படைச் செய்தி இருக்கும்.

அந்த மாணவியிடம் மறுநாள் உணவு விடுதியில் பேசினேன். தள்ளிப்போன அந்த வேலையை முடிவில் யார்தான் செய்தார்கள் என்று கேட்டேன். "அம்மாதான், அண்ணா. முகாம் முடிந்து இரவில் போனார்" என்றார். நாம் தேவையா, தேவையில்லையா என்று வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இரு வேலைகளையும் ஒருவரே செய்து முடித்திருக்கிறார். அடுத்த முறையும் அவரையே நம்பி இருப்பது நமக்கு அழகன்று.